திங்கட்கிழமை நீ வாசிக்கப்போகும் பெயர்

தம்பி,

இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன் என்ற உன் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. வாசித்ததிலிருந்து நான் ஓரிடத்தில் இருந்தபாடில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் குசினிக்குப் போகச் சொல்கிறது, குசினிக்குப் போனால் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோகிறது. ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போய் முற்றத்து வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. நாளை ஞாயிறு காலை அடுத்த வீட்டு பிலிப்பு அண்ணர் மூதூர் லாஞ்சுப் படகில் உன் பக்கம் வருகிறார். அவருடைய கையில் இதைக் கொடுத்துவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அவசரத்தில் எழுதுவதால் எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும். அதற்காக உன் வாத்தியார்த்தனத்தைக் காட்டிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடாதே. உனக்கு ஆனா எழுதப் பழக்கியவளே நான்தான்.

முதலில், நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு, மாணவர் மன்றத் தலைவரைத் தெரிவுசெய்ய ஒரு தேர்தல் வைத்தாய். இன்னும் மூன்று நாலு வருடத்தில் அவர்கள் உண்மையான வாக்குச்சாவடிக்குப் போகப்போகிறவர்கள், அதற்கு முதல் ஒருதரம் செய்து பார்க்கட்டும் என்பது உன் எண்ணம். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன், உங்கள் பள்ளிக்கூட மண்டபத்தைக் கட்டுகிற கொந்தராத்துக்காரரின் மகன். மற்றவள் ரோசலின், கடற்தொழில் செய்கிறவருடைய மகள். அவன் கரப்பந்து வலை வாங்கித் தருவதாகச் சொன்னான். அவள் பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவு போடுவிப்பதாகச் சொன்னாள். புதன்கிழமை வாக்குப் போட்டார்கள், பிள்ளைகள் பார்த்திருக்க நீ எண்ணினாய், சொற்ப வாக்கில் ரோசலின் வென்றாள். பின்னேரம் அதிபர் உன்னைக் கூப்பிட்டார். மகன் தோற்றால் தகப்பன் மண்டபக் கூரை வேலையை நிறுத்திவிடுவாராம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அந்தப் பெடியனின் பெயரைத்தான் நீ வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு மன்னார்ப் பக்கம் மாற்றம் வரும் என்றார். இவ்வளவுதானே?

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதில்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “அம்மா, நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்.” என்ன கதை இது? மீசை வைக்கும்போது என்னைக் கேட்டாயா? தோப்பூருக்குச் சந்தைக்குப் போறன் என்று சொல்லிவிட்டு, அங்கே பெண் பார்த்துப் பேசி முடித்துக்கொண்டு வந்தாயே, அப்போது கேட்டாயா? உனக்குப் பயம் வருகிறபோது மட்டும் அம்மாவின் சொல் வேதவாக்கு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஓம். ஆனால் கோபம் உன்மேல் மட்டும் இல்லை, என்மேலும்தான்.

ஏனென்றால் எனக்கு இரண்டு மனம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ஒரு மனம் சொல்கிறது, பேசாமல் அந்தப் பெடியனின் பெயரை வாசித்துவிட்டு வந்துவிடு என்று. மாதா கோயிலில் உன் கலியாண அறிவித்தல் ஒருமுறை வாசித்தாயிற்று. சேலை எடுத்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. இந்த நேரத்தில் மன்னாருக்குத் தூக்கிப் போட்டால் அந்தப் பிள்ளை தோப்பூரில், நீ அங்கே, நான் இங்கே என்று ஆளுக்கொரு மூலையில் கிடக்க வேண்டியதுதான். அப்பாவும் போன பிறகு, சனிக்கிழமைகளில் நீ லாஞ்சால் இறங்கி வருகிற நேரத்தை நினைத்துக்கொண்டுதான் என் கிழமை ஓடுகிறது. இது சுயநலம் என்று தெரியும். தெரிந்தும் அந்த மனம் வாயை மூடுகிறதில்லை. மற்ற மனம் என்ன சொல்கிறது என்று எழுதத்தான் இந்தக் கடிதம், ஆனால் அது நேரே வருகுதில்லை, வளைந்து வளைந்துதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

நீ இந்தத் தேர்தலை எவ்வளவு ஆசையாக ஆயத்தம் பண்ணினாய் என்று எனக்குத் தெரியும். வாக்குப் போடுகிற இடத்துக்கு மறைப்புக் கட்ட வேண்டும் என்று என் நைலெக்ஸ் சேலையைக் கொண்டுபோனாய். நான் அப்போதே சொன்னேன், “உது கண்ணாடி மாதிரியடா, உள்ளுக்கு நிக்கிற ஆளின்ர கை எங்க போகுது எண்டு முழு வகுப்புக்கும் தெரியும்” என்று. கேட்டாயா? கட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசடு வழிந்தபடி வந்து படுக்கைவிரிப்பு ஒன்றைக் கேட்டாய். நான் சிரித்தாலும் உள்ளுக்குள் சந்தோசம். வாக்குப் போடுகிற பிள்ளையின் கையை மற்றவன் பார்க்கக்கூடாது என்று ஒரு வாத்தியார் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று.

அந்த மெனக்கேட்டை உனக்குள் போட்டவள் நான்தான். ஞாபகம் இருக்கிறதா, நீ பத்தாம் வகுப்பில் என்னிடமே படித்த வருடம், ஒருநாள் சுற்றுலாவுக்குக் குச்சவெளிக்குப் போவதா வெருகலுக்குப் போவதா என்று வகுப்பைக் கேட்டேன். கையைத் தூக்கச் சொன்னபோது, எல்லாப் பிள்ளைகளும் முதலில் பின்வரிசை வாங்கில் இருந்த அந்தத் தடியனின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவன் குச்சவெளிக்குக் கை தூக்கினான். உடனே வகுப்பு முழுவதும் கைதான். எனக்கு அது பிடிக்கவில்லை. கடதாசித் துண்டு கொடுத்து, எழுதி மடித்துப் போடுங்கள் என்றேன். பிரித்துப் பார்த்தால் வெருகல் வென்றிருக்கிறது! ஆற்றில் குளிக்கலாம், கோயிலில் சாப்பாடு கிடைக்கும் என்று எல்லோருக்கும் உள்ளூர ஆசை. ஆனால் பெரியவாத்தியார் குச்சவெளிக்கு பஸ் பேசிவிட்டார். “பிள்ளையளுக்கு ஆறென்ன, கடலென்ன ரீச்சர், எல்லாம் தண்ணிதானே” என்றார். நான் விடவில்லை. பிள்ளைகள் எழுதிப் போட்டது வெருகல், போனால் வெருகலுக்குப் போவோம், இல்லாவிட்டால் வீட்டில் இருப்போம் என்றேன். கடைசியில் வீட்டில்தான் இருந்தோம்.

வகுப்பு முழுவதும் என்னோடு கோபம். நீ வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய். “உங்கட தேர்தலால எங்கட சுற்றுலா போயிட்டுது” என்று கத்தினாய். கொஞ்சநாள் கழித்து நான் கேட்டேன், கையைத் தூக்கச் சொன்னபோது நீ ஏன் குச்சவெளிக்குத் தூக்கினாய் என்று. “எல்லாரும் தூக்கினவங்கள்” என்றாய். கடதாசியில் எதை எழுதினாய் என்று கேட்டேன். அப்போது உன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. “அதைச் சொல்ல ஏலாது அம்மா, ரகசியம்” என்றாய். அட, என்னிடமேவா என்று உன் காதைப் பிடித்துத் திருகினேன். ஆனால் அன்றைக்குத்தான் நான் படிப்பித்தது ஒருத்தனுக்காவது ஏறியிருக்கிறது என்று நினைத்தேன்.

உன் அப்பாவும் அப்படித்தான். அவர் துறைமுக டொக்யாட்டில் வேலை செய்த நாளில் தேர்தல் வந்தால் ஒரு முதலாளி லொறி அனுப்புவார். கொடியும் பாட்டுமாய் வரும், ஏறுகிறவர்களுக்குப் பாணும் தேத்தண்ணீரும் உண்டு. இவர் முதல் ஆளாய் ஏறி முன்னுக்கு நிற்பார். அவர்களுடைய பாணைத் தின்றுவிட்டு அவர்களுக்குப் போடாமல் விடுவது சரியா என்று நான் ஒருமுறை கேட்டேன். “லொறி அவன்ர, வாக்கு என்ர” என்றார். சரி, அப்படியென்றால் யாருக்குத்தான் போட்டீர்கள்? “சின்னத்துக்குப் பக்கத்திலதான் புள்ளடி போட்டனான்” என்றார். எத்தனை தேர்தல், எத்தனை தரம் நான் விதம்விதமாய்க் கேட்டிருப்பேன்! சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டேன், காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டேன். மனுசன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு இப்போதும் அவர்மேல் அதில் ஒரு கோபம் இருக்கிறது.

இனி, உனக்கு நான் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கீழ்வகுப்பில் படித்த காலத்தில் ஒரு தேர்தலுக்கு எனக்குக் கிண்ணியாவில் வேலை போட்டார்கள். வருகிறவர்களின் இடதுகைச் சின்னவிரலைப் பார்த்து, அதில் முன்னமே மை இல்லையென்றால் மை பூசி அனுப்புவது என் பொறுப்பு. ஒருத்தர் இரண்டுதரம் போடாமல் இருப்பதற்காக. காலையில் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் வந்த பிள்ளை கலியாணப் பெண். அடுத்த நாள் கலியாணம். முந்தின நாளே மருதோன்றி போட்டு, பத்து விரலும் நுனி தொட்டு நடுக்கணு வரை கறுத்துச் சிவந்திருந்தது. நான் விரலைப் பிடித்தேன், மை எது மருதோன்றி எது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு வேட்பாளரின் முகவர் எழும்பிவிட்டார். “விரல்ல அடையாளம் இருக்கு, இவ வேற எங்கயோ போட்டுட்டு வந்திருக்கிறா” என்றார். சாவடிக்குப் பொறுப்பான அலுவலருக்கு வெயிலும் சனமும் சேர்ந்து தலையிடி. “சந்தேகம் எண்டால் அனுப்பும் ரீச்சர், மினக்கெடுத்தாதேயும்” என்றார்.

அந்தப் பிள்ளை சத்தம் போடவில்லை. “இது மருதோன்றி டீச்சர், நான் இன்னும் போடல்ல” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். பிறகு முகவரைப் பார்த்தாள், அலுவலரைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பரவாயில்ல டீச்சர், நான் போறன்” என்று திரும்பிவிட்டாள். அப்போதுதான் நான் வரிசையைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் நின்றது முழுக்கக் கலியாண வீட்டுச் சனம். தங்கச்சிமார், மாமிமார், மச்சிமார், ஒருத்தி தப்பாமல் எல்லோருடைய விரலும் சிவப்பு. முகவருக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது! இவள் ஒருத்தி திரும்பினால் பின்னால் நிற்கிற அவ்வளவு பேரும் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடிதடி இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இல்லை. ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு அந்த மனுசன் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. எழும்பிப் போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். விரலை என் மூக்கில் வைத்து மணந்தேன். பிறகு அப்படியே அலுவலரின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். “மணந்து பாருங்கோ ஐயா, மருதோன்றி மணக்குது. எங்கட போத்தல் மை இப்பிடி மணக்குமோ?” அவர் வெட்கத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தார். முகவருக்கும் ஒரு விரலை நீட்டச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மணந்து பார்த்துத்தான் அன்றைக்குக் காலை முழுவதும் ஆட்களை விட்டேன். நுனியில் மை தெரியாது என்பதால், மருதோன்றி படாத அடிவிரலில் பூசலாம் என்று அலுவலர் ஒப்புக்கொண்டார். அந்தக் கலியாணப் பெண் வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து, மை பூசிய விரலைத் தூக்கிக் காட்டி என்னிடம் குறைப்பட்டாள். “நாளைக்குக் கலியாணம் டீச்சர், கையப் பழுதாக்கிப் போட்டீங்களே!” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இதில் மணந்து பார்த்ததை மட்டும் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பெடியன்கள் கேட்கிற முதல் கேள்வி, அந்தத் தேர்தலில் யார் வென்றது என்பதுதான். எனக்கு ஆத்திரம் வரும். எனக்கு ஞாபகம் இல்லையடா என்பேன், உண்மையாகவே ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பிள்ளை திரும்பி நடந்த விதம் மட்டும்தான். தன்னுடையதை எடுத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு போகவில்லை. யாரோ ஒருவருடைய கதிரையில் தவறி இருந்துவிட்டு எழும்புகிற மாதிரி மரியாதையாய் எழும்பிப் போனாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். என்னை இந்த ஆட்டம் ஆட்டுவது மன்னாரும் இல்லை, உன் அதிபரும் இல்லை. வியாழக்கிழமை ரோசலின் உன்னிடம் வந்து சொன்னதாய் எழுதியிருக்கிறாயே, “பரவாயில்லை சேர், அவரே இருக்கட்டும்” என்று. அதை நீ ஒரு ஆறுதல் மாதிரி எழுதியிருக்கிறாய். பிள்ளையே விட்டுக்கொடுத்துவிட்டாள், இனி நான் ஏன் கிடந்து சாக வேண்டும் என்ற மாதிரி. தம்பி, அந்த வரியை நான் மூன்றுதரம் திருப்பிப் படித்தேன். பதினைந்து வயதில், கக்கூசுக்கு ஒரு கதவு கேட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று பேசிய பெட்டை அது. பெடியன்கள் சிரித்தபோதும் நிறுத்தாமல் பேசினாள் என்று நீதானே போன கிழமை வந்து பெருமையடித்தாய்? அவளுக்கு யார் இவ்வளவு கெதியில் பரவாயில்லை என்று சொல்லப் பழக்கினது? நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியாதா என் பிள்ளையை. தலையை ஆட்டியிருப்பாய்.

உன் அதிபரை நான் பிசாசு என்று சொல்லமாட்டேன். மாரியில் அந்த மண்டபத்தில் பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு சோதினை எழுதியதை நானும் வந்து பார்த்திருக்கிறேன். கூரைக்காக அந்த மனுசன் எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினார் என்றும் தெரியும். “மாஸ்டர், இது பள்ளிக்கூடம், பாராளுமன்றம் இல்லை. பிள்ளையளின்ர விளையாட்டுக்குக் கூரையை விடுறதோ?” என்று அவர் கேட்டால் அதில் ஒரு ஞாயம் இருக்கிறது. அதற்குப் பதில் எனக்கு இன்றைக்குக் காலை மீன் வெட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் வந்தது. விளையாட்டென்றால் வென்றவளின் பெயரை வாசிக்க ஏன் இவ்வளவு பயம்? தோற்றவனுடைய தகப்பன் ஏன் இவ்வளவு துள்ள வேண்டும்? விளையாட்டில்லை என்று அவர்கள் எல்லோருக்கும் நன்றாகவே தெரியும். அந்தப் பெடியனையும் பாவம் என்றுதான் நினைக்கிறேன். தோற்கிறதும் ஒரு பாடம்தான், அதைப் படிக்க விடாமல் தகப்பனே குறுக்கே நிற்கிறார்.

நீ அதிபரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். உனக்கு அது வராது, உன் அப்பாவுக்கும் வராது. இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவருடைய வீட்டுக்குப் போய்த் தனியாகக் கண்டு, “சேர், நான் எண்ணினதைத்தான் வாசிப்பன், கூரைக்கு நானும் உங்களோட கந்தோருக்கு வாறன்” என்று மரியாதையாகச் சொல். சொல்லாமல் கொள்ளாமல் காலைக் கூட்டத்தில் அவருடைய முகத்தில் அடித்தமாதிரிச் செய்யாதே. மாற்றம் வந்தால் வரட்டும். கலியாணத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளலாம். தோப்பூர்ச் சம்பந்தியிடம் நானே போய்க் கதைக்கிறேன். அவர்கள் முகத்தைச் சுளித்தால் அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் நீ வராமல் போனால் எனக்கு எப்படியிருக்கும் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு வேறு கடிதம் எழுதிவிடுவேன்.

அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாய். உன் படுக்கைவிரிப்புக்குப் பின்னால் போய்ப் புள்ளடி போட்டவை அந்தப் பிள்ளைகளின் கைகள். பலகையில் நீ ஒவ்வொரு கோடாகக் கீறியபோது கூடச் சேர்ந்து எண்ணியவை அவர்களின் வாய்கள். யார் வென்றது என்று அங்கே இருக்கிற ஒரு பிள்ளைக்காவது தெரியாமல் இல்லை. அதனால் திங்கட்கிழமை நீ மற்றப் பெயரை வாசித்தால், தம்பி, அவர்களில் ஒருத்தரும் ஏமாறப்போவதில்லை. உன்னைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு கைதட்டுவார்கள். ரோசலினும் சேர்ந்து கைதட்டுவாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு நீ தேர்தலைப் பற்றிப் படிப்பிக்க ஒன்றும் மிஞ்சியிராது, அதை அவர்கள் ஆயுசுக்கும் பாடமாக்கிவிடுவார்கள்.

அவளுடைய பெயரை வாசி. பின்வரிசைக்கும் கேட்கச் சத்தமாய் வாசி.

அம்மா